புக்கெகோஹி மண்ணில் ஒரு கியூபப் படகு

11 ஓகஸ்ட் 2025, திங்கள்

கியூபப் பெட்டிகள் இன்று காலை வந்து இறங்கின, மழையோடு. நாங்கள் இருக்கிற மனுகாவில் மழை பக்கவாட்டில்தான் பெய்யும். லொறியின் பின்கதவு திறந்ததும் நானும் காவலுக்கு நிற்கும் மெலேயும் பெட்டிகளுக்குக் குடை பிடித்தோம். எங்களுக்கு ஒருவரும் பிடிக்கவில்லை.

எட்டுக் கலைஞர்கள். எல்லோரும் இன்றைக்கும் கியூபாவில் இருந்துகொண்டு வேலை செய்கிறவர்கள். அவர்களுடைய படைப்புகள் ஒன்றாக எங்கள் சின்னக் கலைக்கூடத்துக்கு வருவது பெரிய காரியம். அதற்காக எத்தனை மின்னஞ்சல் எழுதினேன் என்று எனக்கே தெரியாது. வருகிற பொருளை வாங்கி, அவிழ்த்து, கீறல் பார்த்து, சொன்ன இடத்தில் வைத்து, வந்தபடியே திருப்பி அனுப்புவது என் உத்தியோகம். யசியைக் கேட்டால், கலியாண வீட்டுக்குச் சட்டிபானை வாடகைக்கு விடுகிறவனின் வேலைதான், ஆனால் கதவில் பெயர்ப்பலகை இருக்கிறது என்பார். கட்டின மனுசனிடம் மரியாதை எதிர்பார்க்கக் கூடாது.

இயக்குநர் ஹெதர் நல்ல மனுசி, ஆனால் பயந்தவள். பக்கத்துக் கடைத்தொகுதி மோலுக்கு வருகிற சனம் கியூபக் கலை பார்க்க இந்தப் பக்கம் திரும்புமா என்று இன்றைக்கும் கேட்டாள். திரும்பும் என்றேன். எந்தத் துணிவில் சொன்னேன்?

எல்லாவற்றிலும் பெரியது அந்த எட்டுப் பேரில் ஒருத்தியான யானெலிஸின் படகு. ஹவானாவில் இடிந்துபோன ஒரு வீட்டின் கதவுகளைப் பிரித்துச் செய்த படகு. கைப்பிடிகூட ஒரு பக்கத்தில் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே ஒரு முழ உயரத்தில் களிமண் மாதா தொங்குவாள். கடலில் புயலில் அகப்பட்ட மூன்று பேருக்கு மாதா தோன்றினாள் என்பது அந்த நாட்டு நம்பிக்கை. யானெலிஸின் படகில் ஆட்கள் இல்லை. ‘மூன்று பேருக்கு இடம் உண்டு’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.

படகு சிவப்பு மண்ணில் நிற்கவேண்டும். அந்த மண் வரவில்லை. சப்பாத்தில் ஒட்டின சேற்றையே விமான நிலையத்தில் கழுவச் சொல்லுகிற இந்தத் தென்கோடித் தீவு நாட்டுக்கு மண்ணை எப்படிக் கொண்டுவருவது? யானெலிஸும் வரவில்லை, தாய் படுக்கையில். குரல்பதிவு அனுப்பியிருந்தாள், அதைத் தொலைபேசி ஆங்கிலமாக்கித் தந்தது. படகை உன்னிடம் விடுகிறேன், கடைசி நாள்வரை அது நிற்கவேண்டும் என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் போட்டேன். பிறகு இன்னொரு தடவையும் போட்டேன்.

14 ஓகஸ்ட், வியாழன்

யானெலிஸின் பதில் வந்தது. அங்கே ஒரு நாளில் சில மணி நேரம்தான் மின்சாரமாம். அது வருகிறபோதுதான் அவளும் இணையத்தில் வருவாள். சிவப்பு மண் எந்த ஊருடையதானாலும் சரி என்றாள். ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டாளாம். மண்ணில் காலடிகள் இருக்கவேண்டும், படகை நோக்கி. தன் ஊரைவிட்டுப் படகுக்கு நடந்துபோன ஒருவருடைய வெறுங்கால். பெயர் வேண்டாம், படம் வேண்டாம், கதையும் வேண்டாம். நடந்தவராக இருந்தால் போதும்.

ஹெதர், அகதிகளுக்கு உதவும் ஏதாவது அமைப்பைக் கேட்போமா என்றாள். நான் ஒருவரைப் பார்த்துத் தருகிறேன் என்றேன். பதினைந்து வருடமாக என்னோடு தேநீர் குடிக்கிறவள், என்னைப் பார்த்துக்கொண்டேதான் ‘எங்கே போய்த் தேடுவாய்?’ என்று கேட்டாள்.

17 ஓகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்து, தெற்கே தோட்டப் பக்கமான புக்கெகோஹி போனோம். யசி காருக்குப் பின்னால் ட்ரெயிலர் பூட்டினார். மகள் லோஜனா பின் ஆசனத்தில், காதில் செருகியது செருகியபடி. பன்னிரண்டு வயதுக்குள் பெற்றோரைப் பார்த்து அலுத்துக்கொள்ள இவ்வளவு படித்துவிட்டாள்.

அங்கே மரக்கறி பொதிசெய்யும் கொட்டிலில் வேலை செய்யும் கதிர்காமநாதன் அண்ணை, முதலாளியிடம் கேட்டு ஒரு மூலையில் மண் ஒதுக்கி வைத்திருந்தார். என்ன நிறம்! யசி குனிந்து ஒரு பிடி அள்ளி, “எங்கட சுன்னாகத்து மண்தான் இது, ஆரோ களவெடுத்துக் கொண்டுவந்திருக்கிறாங்கள்,” என்றார். இவர் சைவக்காரர், யாழ்ப்பாணம். நான் மன்னார் வேதக்காரி. எங்கள் பக்கம் வெள்ளை மணல்தான்.

உருளைக்கிழங்கு போட்ட நிலம், ஒன்றிரண்டு கிழங்கும் அள்ளுப்படும், அதைக் கறிக்கு எடுங்கோ என்றார் அண்ணை. மண்ணை எதற்கென்று கேட்டார். கியூபாக்காரி ஒருத்தியின் படகு நிற்க என்றேன். அவர் யசியைப் பார்த்தார், யசி வானத்தைப் பார்த்தார்.

20 ஓகஸ்ட், புதன்

ஹெதர் மண்ணில் ஒரு புழுவைக் கண்டுவிட்டாள். பூச்சி சாகட்டும் என்று மண் முழுவதும் இப்போது குளிரூட்டிக்குள்.

26 ஓகஸ்ட், செவ்வாய்

காலையில் எல்லோருக்கும் முன்பாகப் போனேன். மண் பரப்பி, சமமாக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தது. படகு அதன் நடுவில் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது, இப்போதுதான் இழுத்துவிட்ட மாதிரி. மெலே விளக்குப் போட்டுவிட்டு வெளியே போனாள். நல்ல மனுசி.

காலுறையைக் கழற்றி நடந்தேன். மண் சில்லென்று இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு பேசாலையில் நாங்கள் படகேறின இரவு எனக்கு நாலு வயது. நினைவில் இருப்பது மண்ணெண்ணெய் மணமும் கைக்குள் இறுக்கிப் பிடித்த அக்காவின் பின்னலும்தான். மிச்சமெல்லாம் பிறகு அம்மா சொன்னது, அதுவும் ஒரு தடவைதான். அக்கா ஒரு சொல்லும் சொன்னதில்லை. அப்பா கரையில் நின்றார், பிறகு வேறு படகில் வந்து மண்டபம் முகாமில் எங்களைக் கண்டுபிடித்தார். அதனால் அது சோகக் கதையும் இல்லை. சொல்லாமல் விட்ட கதை, அவ்வளவுதான்.

கால் கழுவினேன். தண்ணீரும் குளிர்.

29 ஓகஸ்ட், வெள்ளி

திறப்பு விழா. வைன், சீஸ், பேச்சு. வந்தவர்கள் எல்லாம் மற்றக் கலைக்கூடங்களில் வேலை செய்கிறவர்கள். அவர்களுடைய விழாவுக்கு நாங்கள் போவோம், எங்களுடையதற்கு அவர்கள் வருவார்கள். மொய் எழுதுகிற மாதிரித்தான்.

ஆனால் கண்காட்சி அழகாக இருக்கிறது. இதை எனக்கு நானே சொல்லவேண்டும். பழைய தொலைபேசியின் அடிப்பாகத்தில் சுழலும் மின்விசிறி. சீனிச் சாக்குகளைப் பிரித்து அதில் அயல் வீட்டுக்காரரின் முகங்களைத் தைத்த பெண். ரொட்டிக் கடையில் பாணுக்கு வரிசையில் நிற்கிறவர்களை ஒரு முழு நாள் எடுத்த காணொளி. அதில் ஒரு கிழவர் சிரித்துக்கொண்டே வரிசை மாறுகிறார், ஒருவரும் கோபிக்கவில்லை. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்குகள், ஒரு சுவர் நிறைய. அதற்கு முன்னால் யசி அசையாமல் நின்றார். வீட்டுக்கு வரும் வழியில், யாழ்ப்பாணத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் அந்த விளக்கில்தான் பதினோராம் வகுப்பு ஓஎல் சோதனைக்குப் படித்ததாகச் சொன்னார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் இது எனக்குப் புதிது.

லோஜனா படகைச் சுற்றி வந்து, ‘Whose feet?’ என்றாள். பெயர் போடக் கூடாது என்பது சட்டம் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

3 செப்ரெம்பர், புதன்

சனமே இல்லை. இன்று வந்தவர்களில் இருவர் கழிவறை எங்கே என்று கேட்டு வந்தவர்கள்.

பின்னேரம் அக்காவோடு கதைத்தேன். அக்கா அஞ்சலினா, துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கிளென்ஃபீல்டில் முதியோர் இல்லத்தில் தாதி. அங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கப் பெண்களின் செபக்குழுவுக்கும் அவள்தான் தலை. என் வேலையிடத்துக்கு இதுவரை வந்ததில்லை. வெறுஞ்சுவரில் கோடு கீறி வைத்திருப்பீர்கள், அதைப் பார்க்கப் பாலம் தாண்டி வரவேணுமோ என்பாள். நான் ஒரு யோசனையோடுதான் சொன்னேன்: “அக்கா, இந்த முறை மாதா இருக்கிறா. படகுக்கு மேல.”

“படகிலயோ?” என்றாள். குரல் மாறிவிட்டது. அந்த மாதாவின் திருநாளும் செப்ரெம்பர் எட்டுத்தான், எங்கள் வேளாங்கண்ணி மாதாவுக்குப் போல, என்றேன். அவ்வளவுதான். சனிக்கிழமை முழுக் குழுவையும் ஒரு வான் வண்டியில் ஏற்றி வருகிறாளாம்.

என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

6 செப்ரெம்பர், சனி

லோஜனாவுக்கு நெட்போல் இறுதி ஆட்டம். செபக்குழு வருகிற நேரம் நான் மைதானத்தில் நின்றேன். அங்கே இருந்திருக்க வேண்டும்.

மெலே அழைத்தாள். நிறையப் பேர் வந்தார்கள், அழகாகப் பாடினார்கள், முழந்தாளில் நின்றார்கள் என்றாள். நல்லது என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘ஆனால் விக்ரோறியா, கால்கள் போய்விட்டன,’ என்றாள்.

போய்ப் பார்த்தேன். காலடிகள் இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் குழி. ஆளுக்கொரு சிட்டிகை. கடதாசிக் கைக்குட்டையில், காசுப்பையில், ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டில். மடு மாதா கோயிலுக்குப் போனவர்கள் என்ன செய்வார்கள்? மண் எடுப்பார்கள். பாம்புக்கடிக்கு, காய்ச்சலுக்கு, வீட்டு வாசலில் போட. மடுவுக்குப் போய் மண் எடுக்காமல் திரும்புகிற மன்னார்ப் பெண் பிறந்திருக்கிறாளா? இங்கே மாதா, படகு, சிவப்பு மண், மண்ணில் காலடி. அது மாதாவின் காலடி என்றே நினைத்துவிட்டார்கள். ‘தொடாதீர்கள்’ என்று பலகை இருந்தது. கோயிலில் யார் பலகை வாசிக்கிறார்கள்?

நீ ஏன் தடுக்கவில்லை என்று மெலேயைக் கேட்டேன். செபம் சொல்லுகிறவர்களை எப்படித் தடுப்பது என்றாள். அவளும் கத்தோலிக்கம், டொங்காத் தீவுக்காரி. பிறகு தன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினாள். அவளும் எடுத்திருக்கிறாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்றார் யசி. நான் சிரிக்கவில்லை. யானெலிஸுக்கு இரண்டு தடவை வாக்குக் கொடுத்தேன்.

7 செப்ரெம்பர், ஞாயிறு

அக்காவே தொலைபேசி எடுத்தாள், சந்தோசமாக. செபக்குழுவில் இருக்கிற அன்னபாக்கியம் அக்காவுக்குத் தலையிடி, நெற்றியில் அந்த மண் பூசினதும் விட்டுவிட்டதாம். அவளுடைய மனுசன் றெஜினோல்ட் அத்தானுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை வருகிறது, அவருக்கும் பூசியாயிற்று. இன்னும் கொஞ்சம் எடுத்துத் தருவாயோ என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு வாய் நிற்காது.

“அக்கா, அது கியூபா மண் இல்லை. புக்கெகோஹி. உருளைக்கிழங்குத் தோட்டம்.”

மேசையில் கோப்பை வைக்கிற சத்தம்.

“அப்ப அந்தக் காலடி?”

“என்ர.”

“உன்ர கால் மண்ணையோ நான் அன்னபாக்கியம் அக்காவின்ர நெத்தியில பூசினனான்?” என்றாள். பின்னால் அத்தான் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் பிழை. அக்கா பொரிந்து தள்ளினாள். குழுவுக்கு முன்னால் தலை காட்ட முடியுமா, அருட்தந்தையிடம்கூட ஒரு சிட்டிகை கொடுத்தாயிற்று. நான் யானெலிஸின் சட்டத்தைச் சொல்லி விளக்கப் பார்த்தேன். சாமி காரியம் இல்லை அக்கா, படகுக்கு நடந்துபோன ஒருவருடைய காலடிதான் வேணும் என்று கேட்டவள், அதுதான் நான் நடந்தேன் என்றேன்.

“நீ எங்க நடந்தனி, விக்கி?”

அவ்வளவுதான் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஓம். நான் எங்கே நடந்தேன்? பின்னலைக் கையில் பிடித்திருந்தேன் என்றால் எங்கே இருந்திருப்பேன்? அவளுடைய இடுப்பில். இத்தனை வருடம் அந்தப் பின்னலை நினைவில் வைத்திருந்தும் இது உறைக்கவில்லையே எனக்கு.

8 செப்ரெம்பர், திங்கள்

ஹெதர் அறையைப் பூட்டிவிட்டாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் நல்லது. ஒப்பந்தப்படி படைப்பில் ஒரு மாற்றம் என்றால் கலைஞருக்கு அறிவிக்கவேண்டும், அவர் விரும்பினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் திகதிக்குள் ஒரு முடிவு வராவிட்டால் படகைப் பெட்டியில் போட்டுவிட்டு அந்த அறையைப் பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளின் களிமண் வகுப்புக்குக் கொடுத்துவிடுவாளாம். அதற்காவது சனம் வரும்.

யானெலிஸுக்கு எழுதினேன். எல்லாவற்றையும். குழிகளின் படமும் அனுப்பினேன். நான் நடக்கவில்லை, தூக்கிக்கொண்டு போகப்பட்டவள் என்பதையும் எழுதினேன். எழுதாமல் விட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். ஆனால் சட்டம் ஒன்றே ஒன்றுதானே சொன்னாள்.

இன்று மாதா பிறந்தநாள். கியூபாவிலும், வேளாங்கண்ணியிலும்.

11 செப்ரெம்பர், வியாழன்

பதில் இல்லை. செய்தியில் பார்த்தேன், கியூபா முழுவதும் மின்சாரம் நின்றுவிட்டதாம். என் செய்தியின் கீழே, போய்ச் சேரவில்லை என்கிற ஒற்றைச் சரிக்கோடு மட்டும்.

யசி அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “நீர் பயப்பிடாதையும். கரண்ட் இல்லாத ஊர்க்காரர் பதில் போட மறக்கிறேல்லை. எங்களுக்குத் தெரியுந்தானே.”

13 செப்ரெம்பர், சனி

வந்தது!

குரல்பதிவு, ஐந்து நிமிடம். பின்னால் நாய் குரைக்கிறது, யாரோ சட்டி கழுவுகிறார்கள். தொலைபேசியின் மொழிபெயர்ப்பு பாதிதான் பிடித்தது, ஆனால் முதலில் வந்த சிரிப்புக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவர்கள் மாதா இருக்கிற மலையில் பழைய செப்புச் சுரங்கம் உண்டாம். போகிறவர்கள் எல்லாம் செம்பு மினுங்குகிற ஒரு சின்னக் கல் எடுத்து வருவார்களாம். தன் தாயின் தலையணைக்குக் கீழே இப்போதும் ஒன்று இருக்கிறது என்றாள். எடுக்கிற சனம் எடுக்கும், அதற்கு வாசலில் தனியாக ஒரு மண்குவியல் போடு, காலடிகள் தப்பும் என்றாள். நானும் ஹெதரும் பத்துத் தடவை யோசித்தும் வராத யோசனை.

பிறகு குரல் மாறியது. மண்ணைப் புதிதாகப் போடுங்கள். காலடியும் புதிதாக. ஆனால் நடந்தவர் நடக்கட்டும். ஒருவரும் கிடைக்காவிட்டால் காலடி இல்லாமல் வைக்காதே, படகைப் பெட்டியில் போட்டுவிடு. காலடி இல்லாத படகு வெறும் பலகை.

ஹெதரிடம் சொன்னேன். யார் நடப்பார் என்றாள். தெரியும், ஆனால் கேட்கப் பயமாக இருக்கிறது என்றேன்.

14 செப்ரெம்பர், ஞாயிறு

கிளென்ஃபீல்ட். அக்கா மீன்கறி வைத்திருந்தாள். சாப்பாடு போட்டாள், லோஜனாவுக்கு முள் எடுத்துக் கொடுத்தாள், யசியோடு வீட்டு மோட்கேஜ் வட்டி கதைத்தாள். என்னோடு மட்டும் உப்புக் காணுமோ, சோறு காணுமோ என்ற கதைதான்.

அத்தானிடம் முழங்கால் எப்படி என்று கேட்டேன். “உருளைக்கிழங்கு விளையிற மண்தானே விக்கி, கொஞ்சம் பொறு, முளைக்கும்,” என்றார். அக்கா சிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்தாள், நான் கண்டேன்.

கோப்பை கழுவும்போது பக்கத்தில் போய் நின்று சொன்னேன். யானெலிஸ் சொன்னதை அப்படியே. நீங்கள் நடக்காவிட்டால் படகு பெட்டிக்குள் போய்விடும், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றும் சொன்னேன். அக்கா கழுவின கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். “அதையெல்லாம் இப்ப ஏன் கிண்டுறாய்?” என்றாள். நான் இன்னும் கொஞ்சம் கதைத்திருப்பேன். அவள் தண்ணீரைக் கூட்டித் திறந்துவிட்டாள்.

பாலத்தில் வரும்போது அழுகை வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை. படகுக்கா, யானெலிஸுக்கா? பன்னிரண்டு வயதில் என்னைச் சுமந்த ஒரு பிள்ளைக்கா? அது இப்போது பின்னால் இருக்கிற என் மகளின் வயதுதான். நெட்போல் பையையே எனக்குத் தூக்கத் தருகிறவள் இவள்.

16 செப்ரெம்பர், செவ்வாய்

அக்காவிடமிருந்து ஒரு செய்தி: ‘எத்தினை மணிக்குத் திறப்பியள்?’ வேறொன்றும் இல்லை.

18 செப்ரெம்பர், வியாழன்

விடியற்காலை யசி புக்கெகோஹி போய் இன்னொரு ட்ரெயிலர் மண் கொண்டுவந்தார். இந்தத் தடவை கதிர்காமநாதன் அண்ணை எதற்கென்று கேட்கவில்லையாம். நன்றாக அரித்தே வைத்திருந்தாராம். பரப்பினோம், தண்ணீர் தெளித்தோம். அப்புறம் காத்திருந்தோம். ஹெதர் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பத்து மணி போல அக்கா வந்தாள். தாதி உடுப்போடு, வேலை முடிந்து நேரே. முழங்கால் நோவோடு அத்தான் காரை ஓட்டி வந்திருக்கிறார். அவள் கையில் ஒரு அரிசிப் பை, பத்துக் கிலோ, வழியில் இந்தியன் கடையில் வாங்கினது. ஹெதர் பதறிப்போய் என்னிடம், காட்சியறைக்குள் உணவுப் பொருள் கொண்டுவர முடியாது என்று கிசுகிசுத்தாள். எனக்கும் விளங்கவில்லை. எதற்கு அரிசி என்று கேட்டேன்.

“நான் அண்டைக்கு வெறுங்கையோட நடக்கேல்லை,” என்றாள் அக்கா. “வெறுங்கையோட நடந்தா அந்தக் காலடி வராது.”

சப்பாத்தைக் கழற்றினாள். காலுறையைக் கழற்றி மடித்துச் சப்பாத்துக்குள் வைத்தாள். மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டாள். பையை இடது இடுப்பில் தூக்கி வைத்தாள். வைத்த உடனே அவளுடைய உடம்பு வளைந்துகொண்டது, அந்த வளைவைத் தேடவேண்டி இருக்கவில்லை. அப்படியே நின்று கதைத்தாள். முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவை. எனக்குச் சொன்னாளா, அந்த அரிசிப் பைக்குச் சொன்னாளா தெரியாது.

“அம்மா கைப்பிள்ளைத் தம்பியையும் பெட்டியையும் தூக்கினவ. அப்பா அங்காலயே நிண்டிட்டார். இவளைப் பிடி, விட்டிடாத எண்டு சொன்னவர். நீ கால் நனையுமெண்டு கத்தினனி. நீ இதைவிடப் பாரம், பிசாசு.”

நடந்தாள். மெதுவாக இல்லை, வேகமாகவும் இல்லை. தண்ணீருக்குள் நடக்கிறவள் போல முழங்காலை உயர்த்தி வைத்தாள். படகடியில் போய்க் கடைசி அடியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், கரைப்பக்கம். அந்த அடி மட்டும் கோணலாக விழுந்தது. பிறகு பையைப் படகுக்குள் இறக்கப் போனாள். நான் ஓடிப்போய் ஓரத்தால் வாங்கிக்கொண்டேன்.

கோணலான அடியைச் சரிசெய்யவா என்று ஹெதர் கேட்டாள். தொடவேண்டாம் என்றேன். அவள் அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, ‘நீயுமா?’ என்றாள். ஓம் என்றேன். பதினைந்து வருடத் தேநீருக்கு அவ்வளவு போதும்.

அக்கா கழிவறையில் நெடுநேரம் கால் கழுவினாள். வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். மோலில் நூடில்ஸ் வாங்கி மூன்று பேரும் சாப்பிட்டோம். அரிசியை நான் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அது நல்ல அரிசி இல்லையாம், கடையில் புழுங்கல் முடிந்துபோய்விட்டதாம்.

20 செப்ரெம்பர், சனி

அறை திறந்தாயிற்று. வாசலில் மண்குவியல், பக்கத்தில் சின்னக் கடதாசிப் பைகள். அக்கா செபக்குழுவுக்கு உண்மையை முழுக்கச் சொல்லிவிட்டாளாம், உருளைக்கிழங்கு உட்பட. அன்னபாக்கியம் அக்கா, தலையிடி போனது போனதுதானே என்றாராம். இன்று குழுவே திரும்ப வந்து, குவியலில் இன்னொரு பிடி எடுத்தார்கள். ஜாம் போத்தல் விளக்குகளுக்கு முன்னால் நின்று அரை மணி நேரம் சத்தமாகக் கதைத்தார்கள். கதையைக் கேட்டு மற்றச் சனமும் நின்றது.

28 செப்ரெம்பர், ஞாயிறு

கோடை நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணி முன்னுக்கு நகர்த்தியாயிற்று. வெளிச்சம். குவியல் முடிந்து யசி மூன்றாவது ட்ரெயிலர். கதிர்காமநாதன் அண்ணை குடும்பத்தோடு மண்ணின் பின்னாலேயே வந்து பார்த்தார். தன் மண் இவ்வளவு வடிவென்று தெரியாது என்றார்.

லோஜனா என் அக்காவிடம் படகைப் பற்றி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். அக்கா தமிழும் இங்கிலீசுமாகச் சொல்லத் தொடங்கினாள். நான் தூர நின்றேன்.

12 ஒக்ரோபர், ஞாயிறு

கடைசி நாள். படகு நின்றது.

சொன்னால் ஹெதர் வெட்கப்படுவாள்: பூட்டுகிற நேரத்தில் ஒரு கடதாசிப் பையை நிரப்பிக் கைப்பைக்குள் வைத்தாள். நான் காணாத மாதிரி நின்றேன். நாளைக்குப் பெட்டிகள் வரும். தொலைபேசி விசிறி, சீனிச் சாக்கு முகங்கள், போத்தல்கள், எல்லாம் வந்தபடியே திரும்பிப் போகும். மண் புக்கெகோஹிக்கு. இங்கே இப்போது வசந்தம், நடுகை தொடங்கிவிட்டதாம், அண்ணை அவசரப்படுத்துகிறார்.

மூடுவதற்கு முன் காலடிகளைக் கிட்டவிருந்து படமெடுத்து யானெலிஸுக்கு அனுப்பினேன். அங்கே மின்சாரம் இருந்திருக்கிறது, உடனே பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தாள். அதோடு ஒரு கேள்வி: எல்லா அடியிலும் இடது கால் மட்டும் ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது? நடந்தவருக்குக் காலில் ஏதாவது குறையா?

குறை இல்லை, அந்தப் பக்க இடுப்பில் நான் இருந்தேன் என்று எழுதினேன்.